முதலாவது மட்டும்

எங்கள் குறைமாதக் குழந்தைகள் வார்ட் ஆண்டு மலர் போடுகிறதாம். நான்கு பக்கம் எழுதித் தரச்சொல்லி தர்சினி ஃபோன் எடுத்தாள். நான் பயிற்றி விட்ட பிள்ளை, இப்போது என் இடத்தில் இருக்கிற தாதி. "மிஸ், இனிமையான நினைவுகளாப் பாத்து எழுதுங்கோ" என்றாள். சரி என்றேன். அத்தோடு அவள் ஃபோனை வைத்திருந்தால் இந்த மலருக்கு இரண்டு சிரிப்புக் கதையும் ஒரு நன்றியுரையும் கிடைத்திருக்கும்.

வைக்கவில்லை. புதிதாக வந்திருக்கும் படிவத்தைப் பற்றி முறைப்படத் தொடங்கினாள். "இதில இன்னொரு பெட்டி போட்டிருக்கினம் மிஸ். குறைமாதப் பிள்ளையளுக்கு ரெண்டாந்தரம் தைரோயிட் இரத்தம் எடுத்த திகதியாம், முடிவாம். முதலாவது நோமல் எண்டு வந்த பிள்ளைக்கு என்னத்துக்கு மற்றது? அந்தச் சின்னக் காலில திருப்பியும் குத்தவேணுமோ? தாய்மார் அழுகினம் மிஸ்."

எனக்கு வந்த எரிச்சலை அவளிடம் காட்டவில்லை. இங்கே காட்டுகிறேன். முப்பத்து நான்கு வருடம் இந்த வேலை செய்து, அதில் பதினாறு வருடம் அந்த ஒரே வார்ட்டில் நின்று, இதே கேள்வியை எத்தனை வாயிலிருந்து கேட்டுவிட்டேன். முதன்முதலில் அதைக் கேட்டது என்னுடைய வாய்தான். ஆகவே இனிமையான நினைவு என்று எதுவும் இதில் வராது. தர்சினி கோபித்தால் கோபிக்கட்டும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மூன்று வருடப் படிப்பு, நடுவில் இரண்டு இடப்பெயர்வு, மழையில் ஊறி ஊறிக் கிழிந்த ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து. அதன்பின் மரத்துக்குக் கீழும் கொட்டிலுக்குள்ளும் பிள்ளைப்பேறு பார்த்த வருடங்கள். சண்டை எல்லாம் முடிந்து, கட்டடமும் மின்சாரமும் கண்ணாடிப் பெட்டிகளும் வந்து, எங்கள் மாவட்ட ஆஸ்பத்திரியில் குறைமாதப் பிள்ளைகளுக்கென்று தனி வார்ட் திறந்தபோது நான் விசுவமடுவிலிருந்து பஸ் ஏறிப்போய் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். இனி எல்லாம் சுகம் என்று நினைத்தேன். அப்போதுதான் குணசீலன் டொக்டர் வந்தார்.

குழந்தை வைத்திய நிபுணர். ஒல்லி மனிதர், குரலே எழும்பாது. ஒருநாளும் ஏசமாட்டார். ஏசினாலாவது நாங்களும் மனதுக்குள் திருப்பி ஏசிவிட்டு வேலையைப் பார்க்கலாம். அவர் செய்வது வேறு. ஒரு வேலை சரியாக நடக்கவில்லை என்று கண்டால், வட்ட ஸ்டூலை இழுத்து அந்தப் பிள்ளையின் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிடுவார். வேலை சரியாக முடியும் வரைக்கும் எழும்பமாட்டார். பத்து நிமிடமும் இருப்பார், ஒரு மணித்தியாலமும் இருப்பார். இடையில் "இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்திட்டினமோ?" என்று கேட்பார். அதைத் தவிர வேறு கதையில்லை. அந்த மனிதர் கதிரையில் உட்கார்ந்தால் வார்ட் கலகலப்பாக இருக்கும், ஸ்டூலில் உட்கார்ந்தால் எல்லோரும் விட்ட பிழையைத் தேடி ஓடுவோம்.

வந்த முதல் கிழமையே பழுப்பு மருந்துப் போத்தலில் கை வைத்தார். தோலைத் துடைக்கிற அயடின் மருந்து. எங்கள் பொறுப்புச் சிஸ்டருக்கு அந்த நிறத்தைக் கண்டால்தான் துப்புரவு என்று மனம் ஆறும். தொப்புள், கால், கை, எங்கே ஊசி குத்தினாலும் அதுதான். டொக்டர் போத்தலை எடுத்துத் தன் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டார். "சிஸ்டர், இந்தப் பிள்ளையளின்ர தோல் மெல்லிய ரிசு பேப்பர் மாதிரி. மேல பூசுறது உள்ளுக்குப் போகும். அயடின் கூடினா தைரோயிட் சுரப்பி குழம்பிப் படுத்திடும்" என்றார். சிஸ்டர் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

தைரோயிட் என்பது கழுத்தில் இருக்கிற சின்னச் சுரப்பி. அதிலிருந்து வருகிற நீர்தான் பிள்ளையின் மூளை வளர்வதற்கு உரம். முதல் இரண்டு மூன்று வருடம் அது குறைந்தால், பிறகு வண்டில் கணக்கில் மருந்து கொடுத்தாலும் போனது போனதுதான். ஆகவே பிறந்த பிள்ளைகளுக்குக் குதிக்காலில் குத்தி இரத்தம் எடுத்து, தடித்த கடதாசி அட்டையில் உள்ள வட்டங்களில் ஊறவிட்டு, காயவைத்துப் பரிசோதனைக்கு அனுப்புவோம்.

குத்துவது என்றால் நினைத்தபாட்டில் குத்துவதில்லை. கையுறைக்குள் இளஞ்சூட்டு நீர் விட்டுக் கட்டி, குதிக்காலில் வைத்துச் சூடாக்க வேண்டும். நடுவில் குத்தக் கூடாது, எலும்பு இருக்கிறது, ஓரத்தில்தான். முதல் துளியைப் பஞ்சால் துடைத்துவிட வேண்டும். இரண்டாவது துளி திரண்டு தொங்கும்வரை பொறுத்திருந்து, அட்டையின் ஒரு பக்கத்தால் மட்டும், ஒரே தரத்தில், வட்டம் நிறைய விட வேண்டும். பிறகு திருப்பி மற்றப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கும் ஊறியிருந்தால்தான் அட்டை. இல்லாவிட்டால் டொக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வாய் திறக்காமல் குப்பைக் கூடைக்குள் போடுவார். ஸ்டூலும் வரும்.

காயவைப்பது தனிக் கூத்து. வெயில் படக்கூடாது, ஒன்றின்மேல் ஒன்று படக்கூடாது, நான்கு மணித்தியாலம் காற்றில் கிடக்க வேண்டும். எங்கள் ஊர் எறும்புக்கு இரத்தமென்றால் சீனி மாதிரி. ஒருநாள் மத்தியானம் வந்து பார்த்தால் மூன்று அட்டையில் வட்டத்துக்குப் பதில் ஓட்டை. அதன்பிறகு குசினி அலுமாரிக்குச் செய்வது போல, அட்டைகள் காய்கிற தட்டின் நான்கு காலையும் தண்ணீர் விட்ட மூடிகளுக்குள் நிறுத்தினேன். டொக்டர் அதைப் பார்த்து ஒரு தரம் தலையாட்டினார். அவர் என்னைப் பாராட்டியது அவ்வளவுதான்.

இவ்வளவு பாடுபட்டு அனுப்பி, முடிவு நோமல் என்று வரும்போது நாங்கள் சந்தோசப்படக் கூடாதா? கூடாது என்பார் டொக்டர். நிறைமாதப் பிள்ளைக்கு அந்த முடிவு போதும். குறைமாதப் பிள்ளைக்குத் தலைக்குள் இருந்து சுரப்பியை வேலை வாங்குகிற இடமே இன்னும் பழுக்கவில்லை. சுரப்பி படுத்திருந்தாலும், ஐந்தாம் நாள் இரத்தத்தில் அது தெரியாமல் போகலாம். நான்காம் கிழமையில் திரும்ப எடுத்தால்தான் வண்டவாளம் தெரியும். சில பிள்ளைக்குக் குறைவாக வந்து, தானாக ஏறிச் சரியாகும். எல்லோருக்கும் தைரோயிட் குளிசையைக் கரைத்துத் தீத்தவும் முடியாது. பொறுத்திருந்து, திரும்ப எடுத்து, திரும்பப் பார்க்க வேண்டும். ஆகவே அவர் போட்ட சட்டம்: குறைமாதப் பிள்ளையின் கிளினிக் கொப்பியில் நோமல் என்ற சொல்லை எழுதவே கூடாது. "முதலாவது மட்டும்" என்று எழுத வேண்டும். இரண்டாவது முடிவுக்குரிய இடம் வெறுமையாகக் கிடக்க வேண்டும்.

எனக்கு அது பிடிக்கவேயில்லை. வெறுமையான இடத்தைப் பார்த்துத் தாய்மார் பயப்படுகிறார்கள். பாவங்கள், ஏற்கனவே அரை உயிராய்க் கிடப்பவர்கள். மனிதருக்கு மனம் என்று ஒன்று இல்லையா என்று குசினிப் பக்கம் போய்ப் புறுபுறுப்பேன்.

நஸ்ரின் அப்படித்தான் வந்தாள். முல்லைத்தீவுப் பக்கத்துச் சோனகக் குடும்பம். கணவன் பாறூக், மோட்டார் சைக்கிளில் துணிமூட்டை கட்டிக்கொண்டு ஊரூராகப் போய் விற்பவர். முஸ்லிம் சனமெல்லாம் ஊரை விட்டு வெளிக்கிட்ட காலத்தில் இரண்டு பேருமே புத்தளத்தில் வளர்ந்தவர்கள். பாறூக்கின் ஆட்கள் முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். நஸ்ரினின் உம்மாவும் சகோதரங்களும் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். பெண் பிள்ளை, முப்பத்திரண்டு கிழமையில் பிறந்தது, ஒன்றரைக் கிலோவும் இல்லை. அஸ்மா என்று பெயர் வைத்தார்கள். நஸ்ரின் பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு இருந்த இருபத்திரண்டு நாளும் அழுதாள். பால் வந்தாலும் அழுதாள், வராவிட்டாலும் அழுதாள்.

அஸ்மாவின் முதலாவது முடிவு வந்த நாளில் நான்தான் கடமையில் இருந்தேன்.

"மிஸ்ஸி, பிள்ளைக்கு மூளை வளருமோ? மாமி சொல்லுறா, இப்பிடிப் பிறந்த பிள்ளையள் மக்காத்தான் வருமாம்."

"அப்பிடியொண்டும் இல்லையம்மா. இஞ்ச பாருங்கோ, நோமல் எண்டு வந்திருக்கு."

"எழுதித் தாங்கோ மிஸ்ஸி. மாமிக்குக் காட்டவேணும்."

எழுதினேன். கொப்பியின் முதற் பக்கத்தில், சிவப்புப் பேனையால், பெரிதாக: தைரோயிட் நோமல். கீழே கையெழுத்தும் போட்டேன். நஸ்ரின் அந்தப் பக்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றைக்கு அதன்பிறகு அவள் அழவில்லை. டொக்டர் கெட்டிக்காரர்தான், ஆனால் தாய்மாரின் மனம் தெரிந்தவள் நான் என்று பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

இருபத்திரண்டாம் நாள் பிள்ளையை வீட்டுக்கு விட்டோம். பிள்ளைப்பேற்று நாற்பது நாள் கழியும்வரை உம்மா வீட்டில் இருக்க வேண்டும் என்று பாறூக் வான் பிடித்து அவளைப் புத்தளத்துக்குக் கூட்டிப் போகத் தயாராக நின்றார். "அடுத்த கிழமை இரண்டாவது இரத்தம் எடுக்கவேணும். அங்க ஆஸ்பத்திரியில கட்டாயம் காட்டுங்கோ" என்று நான் சொன்னேன். சொன்னேன்தான். ஆனால் அங்கே போய் நஸ்ரின் கொப்பியை நீட்டியதும், அங்கிருந்த மிஸ்ஸி முதற் பக்கத்தைப் பார்த்தாளாம். பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்து, கையெழுத்தும் போட்டுத் தந்திருக்கிறார்களே, பிறகென்ன என்று அனுப்பிவிட்டாளாம். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நாற்பது நாள் இரண்டு மாதமாகி, மூன்று மாதமாகி, நான்காம் மாதம்தான் அவர்கள் எங்கள் கிளினிக்குக்கு வந்தார்கள். நிறை பார்க்கிற மேசையில் நான். அஸ்மா கொழுகொழுவென்று, ஆடாமல் அசையாமல் கிடந்தாள்.

"தங்கமான பிள்ளை மிஸ்ஸி. அழுறதே இல்லை. பாலுக்குக்கூட நாங்கள்தான் எழுப்பவேணும்."

"பிள்ளைக்கும் சேத்து வைச்சு நீங்கள் அழுதிட்டீங்கள்தானே" என்று நான் பகிடி விட்டேன்.

"நாலைஞ்சு நாளைக்கு ஒருக்காத்தான் வெளிக்குப் போறா. தலையும் இன்னும் நிக்கேல்லை."

"குறைமாதப் பிள்ளைதானே அம்மா. எல்லாம் பிந்தித்தான் வரும்."

இந்த வசனத்தைக் கேட்டால் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் வார்ட்டில் எந்தப் பிழையையும் மூடிக் கட்டுகிற துணி அதுதான். நிறை ஏறவில்லையா, குறைமாதம். சிரிக்கவில்லையா, குறைமாதம். நானே சொன்னேன், இருபத்தைந்து வருட அனுபவத்தோடு, சிரித்துக்கொண்டு.

தராசின் குளிர் பட்டு அஸ்மா ஒரு தரம் அழுதாள். கரகரவென்று, தொண்டை கட்டிய கிழவரின் குரல் போல இருந்தது. அடுத்த மேசையில் வேறொரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த டொக்டர் நிமிர்ந்தார். ஸ்டூலை இழுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

பிள்ளையின் நாக்கைப் பார்த்தார், வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. வயிற்றைத் தொட்டார், தொப்புள் புடைத்திருந்தது. புறங்கையால் தோலைத் தடவினார். வெயில் கொளுத்துகிற நாளில் அந்தப் பிள்ளையின் தோல் குளிர்ந்து, உலர்ந்து கிடந்தது. பிறகு கொப்பியைத் திறந்தார்.

"இது உங்கட கையெழுத்தோ, மிஸ்?"

"ஓம், சேர்."

அப்போதே நரம்பிலிருந்து இரத்தம் எடுத்தோம். முடிவுக்குக் காத்திராமல், பிள்ளையை வார்ட்டில் வைத்து அன்றே குளிசை தொடங்கினார். இரண்டாம் நாள் ஃபோனில் முடிவைச் சொன்னார்கள். சுரப்பி படுத்திருந்தால் ஏறுகிற எண் அது, எங்கேயோ ஏறி நின்றது. இரண்டு தரம் சொல்லச் சொன்னேன், நூலளவாவது குறையாதா என்று. குறையவில்லை.

டொக்டர் தன் பேனையை எடுத்து என்னிடம் நீட்டினார். என் சிவப்பு எழுத்துக்குக் கீழே "முதலாவது மட்டும்" என்று எழுதினேன். "தாய்க்கு இதைச் சொல்லவேணும். நான் சொல்லட்டோ, நீங்கள் சொல்லுறீங்களோ?" என்று கேட்டார்.

"நான் சொல்லுறன் சேர்."

நஸ்ரினைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். இரண்டாவது இரத்தம் எடுபடாமல் போனதைச் சொன்னேன். அவள் உடனே, "ஐயோ, நான் உம்மா வீட்டை போகாம இருந்திருந்தா..." என்று தொடங்கினாள். பக்கத்தில் நின்ற பாறூக், "அதைத்தான் நானும் சொன்னனான். நாப்பதை இஞ்சயே கழிப்பம் எண்டு தலைபாடாச் சொன்னனான், கேட்டியோ?" என்றார். நான் வாயைத் திறக்கப் போனேன். திறக்கவில்லை. குளிசையைக் கால்வாசியாக உடைத்து, இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்துத் தூளாக்கி, சில துளி தாய்ப்பாலில் கரைத்துக் காலையில் கொடுப்பது எப்படி என்று காட்டத் தொடங்கினேன். போத்தல் பாலுக்குள் கலக்க வேண்டாம், அடியில் தங்கிவிடும் என்றேன். எல்லாம் சரியாகச் சொன்னேன், அந்தச் சிவப்பு எழுத்து என் பிழை என்ற ஒன்றைத் தவிர.

மூன்று கிழமையில் அவள் ஃபோன் எடுத்தாள். "மிஸ்ஸி, மருந்து தொடங்கினதிலயிருந்து ஒரே அழுகை, பக்கத்து வீட்டுச் சனமும் கேக்குது!" அழட்டும் அம்மா, நல்லா அழட்டும் என்றேன்.

டொக்டர் மாதாமாதம் கேட்பார்: "சொல்லியாச்சோ?" நான் அடுத்த கிளினிக் என்பேன். ஆறேழு தரம் கேட்டிருப்பார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். அவர் கேட்டதைவிட நிறுத்தியதுதான் எனக்குச் சுட்டது. சில வருடம் கழித்து அவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

அஸ்மா இரண்டு வயது தாண்டித்தான் நடந்தாள். கதையும் பிந்தித்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் வாசிப்பாள், ஆனால் கணக்கென்றால் தடுமாற்றம். டொக்டர் மாற்றலாகிப் போவதற்கு முன் அவரிடம் கேட்டேன், அந்த மூன்று மாதத்தாலா இது என்று. "குறைமாதத்தாலயும் வரலாம், இதாலயும் வரலாம். பிரிச்சுச் சொல்ல ஒருத்தராலயும் ஏலாது. ஒண்டை நாங்கள் தடுத்திருக்கலாம்" என்றார். அந்த மனிதரிடம் ஆறுதல் கேட்கப் போன எனக்குத்தான் புத்தியில்லை.

சென்ற வருடம் என் பிரியாவிடை. வார்ட்டில் பலூன் கட்டி, கேக் வெட்டி, கழுத்தில் மாலையும் போட்டார்கள். நஸ்ரின் அஸ்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளைக்கு ஒன்பது வயது, இரண்டு பின்னல், முன்பல் இரண்டும் பெரிதாக. வந்த உடனே பலூன்களை எண்ணத் தொடங்கினாள். ஆறுக்குப் பிறகு எட்டுக்குப் போனாள். ஏதோ பிழையென்று அவளுக்கே தெரிந்தது, திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினாள். திரும்பவும் ஆறுக்குப் பிறகு எட்டு.

நஸ்ரின் பையிலிருந்து பழைய கிளினிக் கொப்பியை எடுத்தாள். பிளாஸ்ரிக் உறை போட்டு வைத்திருந்தாள். முதற் பக்கத்தைத் திறந்து, "நினைவிருக்கோ மிஸ்ஸி? இந்தப் பிள்ளை தங்காது எண்டு ஆக்கள் சொன்ன நேரம் நீங்கள் எழுதித் தந்தது. புத்தளத்தில ஒவ்வொரு நாளும் எடுத்துப் பாப்பன். நான்தான் உம்மா வீட்டை எண்டு போய்க் கெடுத்துப்போட்டன்" என்றாள்.

இனிமேல் அடுத்த கிளினிக் இல்லை. சொன்னேன். டொக்டர் எழுத வேண்டாம் என்ற சொல்லைத்தான் நான் எழுதினேன், அதைப் பார்த்துத்தான் புத்தளத்தில் இரத்தம் எடுக்கவில்லை, நீங்கள் போனதால் அல்ல என்றேன்.

நஸ்ரின் சிவப்பு எழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

"ஏன் மிஸ்ஸி எழுதினீங்கள்?"

"நீங்கள் அழுதீங்கள் அம்மா. பாக்கேலாமப் போச்சு."

"நான் அழுதா அழட்டும் எண்டு விட்டிருக்கலாமே." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நான் அழுதுபோட்டு எழும்பியிருப்பன். அந்தப் பக்கம் வெறுமையாக் கிடந்திருந்தா, கேட்டுக் கேட்டு எங்கயாவது குத்துவிச்சிருப்பன்."

அவள் கொப்பியை மூடினாள். "அவர் வெளியில நிக்கிறார். எனக்குச் சொன்னதை அவருக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ. ஒன்பது வருசமா அந்த வீட்டில நான் கேக்கிற சொல்லு உங்களுக்குத் தெரியாது" என்றாள்.

கேக் வெட்டிய கத்தியைத் தர்சினி துடைத்துக்கொண்டிருந்தாள். எங்கே போகிறீர்கள் மிஸ், படம் எடுக்க வேண்டும் என்று கூப்பிட்டாள். நான் மாலையைக் கழற்றி, அட்டைகள் காய்கிற தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நஸ்ரினுக்குப் பின்னால் நடந்தேன். வாசல் வேப்பமரத்தடியில் பாறூக் மோட்டார் சைக்கிளைத் தொடக்கி வைத்துக்கொண்டு நின்றார். "மிஸ்ஸி உங்களோட கதைக்கவேணுமாம்" என்றாள். அவர் என்ஜினை நிறுத்தினார். நான் முதலிலிருந்து, ஒன்றும் விடாமல் சொன்னேன்.

கேட்டு முடித்ததும் பாறூக் என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. நஸ்ரினைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அஸ்மாவைத் தூக்கிச் சீற்றில் இருத்தி, பின்னலைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

தர்சினி, படிவத்தில் அந்தப் பெட்டியை வெறுமையாக விடு. தாய் அழட்டும். நான்காம் கிழமை வந்ததும் குதிக்காலைச் சூடாக்கிவிட்டுக் குத்து.